சிட்னி - இலண்டன் வான்வழி

சிட்னி - இலண்டன் வான்வழி என்பது ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றான சிட்னியையும் ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரான இலண்டனையும் இணைக்கும் விமானப் பாதையாகும். சிட்னி கிங்ஸ்போர்டு சிமித் விமான நிலையத்திற்கும் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய வான்வழித் தொலைவு ஏறத்தாழ 17,020 கி.மீ. (9,190 கடல் மைல்) ஆகும். பல இடங்களில் இறங்கி இறங்கிச் செல்வதால் இப்பாதை கங்காருப் பாதை என்ற பெயரைப் பெற்றது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் இப்பெயரைத் தன் வணிகப் பெயராகப் பயன்படுத்தி வருகிறது.

1919 இல் ஆஸ்திரேலியாவின் வட கரையை அடையவே 28 நாட்கள் தேவைப்பட்ட இப்பயணம், பின்னர் ஒரு நாளில் முடியும் பயணமாகச் சுருங்கியது. இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு மாறவில்லை. பயண நேரம் மட்டுமே மாறியுள்ளது. 1959 வரை நேரம் குறைந்ததற்கு விமானத்தின் வேகம் கூடியது முதன்மைக் காரணமாகும். அதன் பின்னர் வேகம் ஏறத்தாழ அதே அளவில் நின்றுவிட்டது. அண்மைக் காலங்களில் நேரம் குறைந்ததற்கு இடையில் இறங்கும் இடங்கள் குறைந்ததே காரணம் ஆகும்.

தொலைவைக் கணக்கிடும் முறை

புவி உருண்டை வடிவமானதால் அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட மிகக் குறுகிய பாதை ஒரு வில் வடிவில் அமையும். புவியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்டு அவ்விரு புள்ளிகள் வழியாகவும் செல்லும் வட்டம் பெருவட்டம் எனப்படும். இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட அதன் சிறிய வில்லே மிகக் குறுகிய பாதையாகும். இரு இடங்களின் அகலாங்கும் நெட்டாங்கும் தெரிந்தால் இத்தொலைவை எளிய கோணவியல் வாய்பாட்டால் கண்டறியலாம்:

கொசைன்(கோ) = சைன்(அ1) × சைன்(அ2) + கொசைன்(அ1) × கொசைன்(அ2) × கொசைன்(நெ)

இதில் அ1, அ2 என்பன இரு இடங்களின் அகலாங்குகள். நெ என்பது நெட்டாங்குகளின் வேறுபாடு. கோ என்பது புவியின் மையத்தில் அவ்விரு இடங்களும் உண்டாக்கும் கோணம். தெற்கு அகலாங்குக்கும் மேற்கு நெட்டாங்குக்கும் எதிர்க்குறி இட வேண்டும்.

* ஹீத்ரோ: அகலாங்கு 51.47 பாகை வடக்கு, நெட்டாங்கு 0.45 பாகை மேற்கு
* சிட்னி: அகலாங்கு 33.95 பாகை தெற்கு, நெட்டாங்கு 151.18 பாகை கிழக்கு
* நெட்டாங்கு வேறுபாடு: 151.63 பாகை

இம்மதிப்புகளை வாய்பாட்டில் இட்டால் கொசைன்(கோ) = -0.8915 எனவும், கோ = 153.07 பாகை எனவும் கிடைக்கும். புவியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. எனக் கொண்டால் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 17,020 கி.மீ. ஆகும். புவி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் மிகத் துல்லியமான கணக்கீட்டில் சில கிலோமீட்டர் வேறுபாடு வரக்கூடும்.

புவியில் எந்த இரு இடங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய பாதை 180 பாகையைத் தாண்ட முடியாது. அதாவது, ஏறத்தாழ 20,000 கி.மீ. என்பதே இயலக்கூடிய மிகப் பெரிய தொலைவு. சிட்னி - இலண்டன் தொலைவு இதில் 85 விழுக்காடு ஆகும். இலண்டனுக்கு நேர் எதிர்ப்புள்ளி நியூசிலாந்துக்குத் தென்கிழக்கே கடலில் உள்ளது.

பெருவட்டப் பாதை செல்லும் இடங்கள்

தட்டையான உலகப் படத்தில் இலண்டனையும் சிட்னியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அக்கோடு மேற்கு ஆசியாவையும் இந்தியப் பெருங்கடலையும் கடந்து செல்வதாகத் தோன்றும். ஆனால் உண்மையான மிகக் குறுகிய பாதை இலண்டனிலிருந்து வடகிழக்காகப் புறப்படுகிறது. வட கடல், டென்மார்க், பால்டிக் கடல், ரஷ்யா, கசகஸ்தான், சீனா, தென் சீனக் கடல், பிலிப்பீன்சின் மேற்குப் பகுதி, கிழக்கு இந்தோனேசியா ஆகியவற்றைக் கடந்து ஆஸ்திரேலியாவை அடைகிறது. இப்பாதையின் நடுப்புள்ளி சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் விழுகிறது. நூலொன்றை உலக உருண்டையின் மீது இரு நகரங்களுக்கும் இடையே இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் இதனை எளிதில் உணரலாம்.

விமானங்கள் பெரும்பாலும் இக்கோட்டின் மீதே பறப்பதில்லை. காற்று, வான்பரப்பு அனுமதி, இறங்கும் இடங்கள் ஆகியவற்றைப் பொறுத்துப் பாதை விலகுகிறது. 1989 இல் இலண்டனிலிருந்து சிட்னிக்கு இடைநில்லாமல் சென்ற விமானம் ஏறத்தாழ 18,000 கி.மீ. பறந்தது. இது பெருவட்டத் தொலைவைவிட ஏறத்தாழ ஆயிரம் கி.மீ. கூடுதலாகும்.

வரலாறு

முன்னோடிகள்

முதல் உலகப் போர் முடிந்த பின்னர், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுண்டு பரிசளிப்பதாக ஆஸ்திரேலிய அரசு 1919 இல் அறிவித்தது. உடன்பிறந்தோரான ராஸ் சிமித், கீத் சிமித் ஆகியோர் பென்னட், ஷையர்ஸ் என்னும் இரு இயந்திர வல்லுநர்களுடன் விக்கர்ஸ் விமி வகை விமானத்தில் 1919 நவம்பர் 12 அன்று இலண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 10 அன்று டார்வின் நகரை அடைந்தனர். 28 நாட்கள் நீடித்த இப்பயணத்தில் வானில் இருந்த நேரம் ஏறத்தாழ 136 மணி மட்டுமே. எஞ்சிய நேரம் தரையில் கழிந்தது. இதே போட்டியில் பங்கேற்ற வேறு இரு குழுக்களைச் சேர்ந்த நால்வர் விபத்துகளில் உயிரிழந்தனர்.

1928 இல் பெர்ட் ஹிங்க்லர் இங்கிலாந்திலிருந்து டார்வினுக்குத் தனியாகப் பறந்து, பயண நேரத்தை 16 நாட்களுக்கும் குறைவாக்கினார். 1930 இல் ஏமி ஜான்சன் 19 நாட்களில் இப்பயணத்தை முடித்து, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற சிறப்பைப் பெற்றார்.

பயணிகள் சேவையின் தொடக்கம்

1935 ஏப்ரலில் பிரிஸ்பேனிலிருந்து இலண்டனுக்குப் பயணிகள் சேவை தொடங்கியது. சிங்கப்பூர் வரை குவாண்டாஸ் விமானங்களிலும் அங்கிருந்து பிரித்தானிய இம்பீரியல் ஏர்வேஸ் சேவையிலும் பயணிகள் சென்றனர். பயணம் முழுவதும் வானில் நடைபெறவில்லை; இத்தாலியின் பிரிந்திசிக்கும் பாரிசுக்கும் இடையே அவர்கள் தொடர்வண்டியில் சென்றனர். மொத்தப் பயணம் பன்னிரண்டரை நாட்கள் நீடித்தது. 1938 இல் கடல் விமானங்கள் அறிமுகமானபோது சிட்னித் துறைமுகத்தின் ரோஸ் குடாவிலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்கு ஏறத்தாழ பத்து நாட்களுக்குள் செல்ல முடிந்தது.

இலங்கை வழியான போர்க்காலச் சேவை

1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்ததால் இப்பாதை அறுபட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்தொடர்பை மீட்பதற்காக 1943 இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இலங்கையின் தென் கரையில் உள்ள கொக்கலைக்கும் இடையே கட்டலினா வகைக் கடல் விமானங்கள் இயக்கப்பட்டன. கொக்கலை ஏரியே இறங்குதளமாகப் பயன்பட்டது.

ஏறத்தாழ 5,650 கி.மீ. கொண்ட இத்தொலைவைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் ஆனது. இடையில் இறங்குவதற்கு நிலம் இல்லை. எதிரி விமானங்களுக்குத் தெரியாதிருக்க வானொலித் தொடர்பு தவிர்க்கப்பட்டது. மாலுமிகள் விண்மீன்களைப் பார்த்தே திசை அறிந்தனர். எடையில் பெரும்பகுதியை எரிபொருளே எடுத்துக்கொண்டதால் மூன்று பயணிகளும் சிறிதளவு அஞ்சலும் மட்டுமே ஏற்ற முடிந்தது. ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் எழுவதைக் காண முடிந்ததால் இச்சேவை இரட்டைச் சூரியோதயம் என அழைக்கப்பட்டது. 1945 வரை 271 முறை இக்கடலைக் கடந்தன. சிட்னி - இலண்டன் தொலைவில் மூன்றிலொரு பங்கே ஆன இப்பயணம், பிற்காலத்தில் அம்முழுத் தொலைவையும் கடக்க ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கான்ஸ்டலேஷன் முதல் ஜெட் விமானம் வரை

1947 டிசம்பர் 1 அன்று லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. இதுவே குவாண்டாஸ் நிறுவனம் முழுப் பாதையிலும் தானே இயக்கிய சேவையின் தொடக்கமாகும். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய இடங்களில் இறங்கிச் சென்ற இப்பயணம் நான்கு நாட்கள் நீடித்தது. பறப்பு நேரம் மட்டும் ஏறத்தாழ 55 மணி ஆகும். அன்றைய இருவழிக் கட்டணம் 585 பவுண்டு. செல்வந்தர்களாலும் அரசு அலுவலர்களாலும் மட்டுமே இதனைக் கொடுக்க முடிந்தது. குடியேறச் சென்ற பெரும்பாலானோர் கப்பலையே நாடினர்.

1959 இல் போயிங் 707 ஜெட் விமானம் அறிமுகமானது. இதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. ஆனதால் பயண நேரம் ஏறத்தாழ ஒன்றரை நாளாகக் குறைந்தது. 1971 இல் போயிங் 747 பெருவிமானத்தை குவாண்டாஸ் இயக்கத் தொடங்கிய பின்னர் இருக்கைகளின் எண்ணிக்கை பெருகியது. கட்டணமும் படிப்படியாகக் குறைந்தது.

ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்டு விமானம் 1977 டிசம்பரில் இப்பாதையின் ஒரு பகுதியான இலண்டன் - சிங்கப்பூர் தடத்தில் பஹ்ரைன் வழியாக இயக்கப்பட்டது. அதன் ஒலியதிர்ச்சிக்கு மலேசியா எதிர்ப்புத் தெரிவித்ததால் மூன்று சுற்றுப் பயணங்களுடன் நின்றது. 1979 இல் மீண்டும் தொடங்கிய இச்சேவை 1980 இல் முற்றிலும் கைவிடப்பட்டது.

இடைநில்லாப் பறப்புகள்

1989 ஆகஸ்ட் 16-17 இல் குவாண்டாஸ் நிறுவனத்தின் புதிய போயிங் 747-400 விமானம் ஒன்று இலண்டனிலிருந்து சிட்னிக்கு இடையில் எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடங்களில் பறந்தது. இதற்கெனச் சிறப்பாகத் தயாரிக்கப்பட்ட அடர்த்தி மிகுந்த எரிபொருள் நிரப்பப்பட்டது. எரிபொருளைச் சேமிப்பதற்காக ஓடுபாதையின் தொடக்கம் வரை விமானம் இழுவை வண்டியால் கொண்டு செல்லப்பட்டது. இதில் கட்டணப் பயணிகள் எவரும் இல்லை. ஆகவே இது தொழில்நுட்பச் சாதனையாக இருந்ததேயன்றி வணிகச் சேவையாக மாறவில்லை. இவ்விமானம் 2015 இல் நியூ சவுத் வேல்சில் உள்ள விமான அருங்காட்சியகம் ஒன்றில் சேர்க்கப்பட்டது.

2018 மார்ச் 24 அன்று போயிங் 787-9 விமானத்தின் மூலம் பேர்த் - இலண்டன் இடைநில்லாச் சேவை தொடங்கியது. 14,498 கி.மீ. கொண்ட இத்தடத்தின் பறப்பு நேரம் ஏறத்தாழ 17 மணி ஆகும். ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே நடைபெற்ற முதலாவது இடைநில்லா வணிகச் சேவை இதுவே.

2019 நவம்பரில் அதே வகை விமானம் ஒன்று ஏறத்தாழ 50 பேருடன் இலண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடங்களில் இடைநில்லாமல் பறந்தது. இது சூரியோதயத் திட்டம் எனப்பட்ட ஆய்வின் ஒரு பகுதியாகும். போர்க்கால இரட்டைச் சூரியோதயச் சேவையின் நினைவாகவே இத்திட்டத்திற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. இதன் தொடர்ச்சியாக ஏர்பஸ் ஏ350-1000 வகையில் 12 விமானங்களை வாங்கப்போவதாக குவாண்டாஸ் 2022 மே மாதம் அறிவித்தது. 20,000 லிட்டர் கொள்ளளவுள்ள கூடுதல் எரிபொருள் தொட்டியும் 238 இருக்கைகளும் கொண்டதாக இவ்விமானம் வடிவமைக்கப்பட்டது. இடையில் ஒருமுறை இறங்கிச் செல்லும் பயணத்தைவிட நான்கு மணி நேரம் வரை மிச்சமாகும் என்பது நிறுவனத்தின் மதிப்பீடாகும்.

பயண நேரங்களின் ஒப்பீடு

* 1919 (விக்கர்ஸ் விமி, டார்வின் வரை): 28 நாட்கள்
* 1935 (பிரிஸ்பேன் - இலண்டன், தொடர்வண்டி உட்பட): பன்னிரண்டரை நாட்கள்
* 1947 (கான்ஸ்டலேஷன், ஆறு இறங்கிடங்கள்): 4 நாட்கள்
* 1959 (போயிங் 707): ஏறத்தாழ ஒன்றரை நாள்
* 1989 (போயிங் 747-400, இடைநில்லாதது): 20 மணி 9 நிமிடம்
* 2019 (போயிங் 787-9, இடைநில்லாதது): 19 மணி 19 நிமிடம்

பறப்பு நேரத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்

எந்த நேரம்?

பறப்பு நேரம் என்னும் சொல் மூன்று பொருள்களில் பயன்படுவதால் அட்டவணைகளை ஒப்பிடும்போது குழப்பம் நேர்கிறது. சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தது முதல் மீண்டும் தரையைத் தொடும் வரை உள்ளது வானில் இருக்கும் நேரம். நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் சேருமிடத்தில் நிற்கும் வரை உள்ளது அட்டவணை நேரம். இது முன்னதைவிடச் சற்றுக் கூடுதல். இடையில் இறங்கிக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் கிடைப்பது மொத்தப் பயண நேரம். சிங்கப்பூரில் ஒருமுறை இறங்கிச் செல்லும்போது மொத்தப் பயண நேரம் ஏறத்தாழ 23 முதல் 24 மணி ஆகிறது.

காற்று

நடு அகலாங்குகளில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்று ஜெட் காற்றோட்டம் எனப்படும். இதனால் இலண்டனிலிருந்து சிட்னிக்குச் செல்லும் பயணம் எதிர்த்திசைப் பயணத்தைவிடப் பொதுவாக விரைவில் முடிகிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. எனவும், பாதை முழுவதும் காற்றின் சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ. எனவும் எடுத்துக்கொண்டால் 17,020 கி.மீ. கடக்க ஆகும் நேரம் பின்வருமாறு:

* காற்று இல்லாதபோது: 18 மணி 55 நிமிடம்
* பின்காற்றுடன்: 17 மணி 55 நிமிடம்
* எதிர்காற்றுடன்: 20 மணி 1 நிமிடம்

பின்காற்றால் கிடைக்கும் ஆதாயமும் எதிர்காற்றால் ஏற்படும் இழப்பும் சமம் அல்ல என்பதை இதில் காணலாம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால், சென்று திரும்பும் மொத்த நேரம் காற்று இல்லாத நிலையைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகவே இருக்கும். 1989, 2019 ஆகிய இரு சாதனைப் பறப்புகளும் இலண்டனிலிருந்து சிட்னி நோக்கியே நடைபெற்றன. சிட்னியிலிருந்து இலண்டன் செல்வதே கடினமான திசையாகும்.

எரிபொருள்

போயிங் 787-9 விமானம் புறப்படும்போது கொண்டிருக்கக்கூடிய மிகக் கூடிய எடை ஏறத்தாழ 254 டன். இதில் ஏறத்தாழ 100 டன் வரை எரிபொருளாக இருக்கலாம். தொலைவு கூடும்போது, பயணத்தின் இறுதியில் எரிப்பதற்கான எரிபொருளைத் தொடக்கம் முதலே சுமந்து செல்ல வேண்டியுள்ளது. அதைச் சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகிறது. மேலும், மாற்று விமான நிலையத்திற்குச் செல்வதற்கும் அங்கு அரை மணி நேரம் வானில் காத்திருப்பதற்கும் தேவையான எரிபொருள் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதிமுறை. எனவே இடைநில்லாப் பறப்பு நேரத்தை மிச்சப்படுத்தினாலும் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று கூற இயலாது. இருக்கைகளைக் குறைத்தே இத்தகைய சேவைகள் திட்டமிடப்படுகின்றன.

வான்பரப்பு

ஒரு நாட்டின் மேலுள்ள வான்பரப்பு அந்நாட்டின் இறைமைக்கு உட்பட்டது. பெருவட்டப் பாதையின் கணிசமான பகுதி ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளின் மேல் செல்வதால் அரசியல் நிலைமை பறப்பு நேரத்தை நேரடியாகப் பாதிக்கிறது. 2022 பெப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததை அடுத்து, ரஷ்ய வான்பரப்பு பிரித்தானிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் ஈரானின் வான்பரப்பைத் தவிர்க்க வேண்டியிருந்ததால், பேர்த்திலிருந்து இலண்டன் செல்லும் இடைநில்லா விமானம் எரிபொருள் நிரப்புவதற்காகத் தற்காலிகமாகச் சிங்கப்பூரில் இறங்கிச் சென்றது. காற்று துணை செய்ததால் திரும்பும் விமானம் மட்டும் வழக்கம்போல் இடைநில்லாமலேயே பறந்தது.

நேர வலயங்களும் அட்டவணையும்

சிட்னி இலண்டனைவிட நேரத்தில் முந்தியுள்ளது. இரு நகரங்களிலும் கோடைகால நேரமாற்றம் வெவ்வேறு மாதங்களில் நடைமுறையில் இருப்பதால் இவ்வேறுபாடு ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஜூன் மாதத்தில் 9 மணி நேரமும் டிசம்பர் மாதத்தில் 11 மணி நேரமும் வேறுபாடு உண்டு. இடைப்பட்ட சில வாரங்களில் அது 10 மணி நேரமாகும்.

எடுத்துக்காட்டாக, ஜூன் மாதத்தில் திங்கட்கிழமை மாலை 4 மணிக்குச் சிட்னியிலிருந்து புறப்பட்டு மொத்தம் 24 மணி நேரம் பயணம் செய்பவர் இலண்டன் நேரப்படி செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்குச் சேர்வார். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் பயணம் 15 மணி நேரமே ஆனதாகத் தோன்றும். திரும்பும்போது இதற்கு மாறாகப் பயணம் உண்மையைவிட 9 மணி நேரம் நீண்டதாகத் தோன்றும். எனவே சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழிப்பதற்கு முன் இரண்டையும் ஒரே நேர வலயத்திற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மனித உடலின் எல்லை

ஏறத்தாழ இருபது மணி நேரம் இறங்காமல் பறக்கும் திறனை இயந்திரங்கள் 1989 இலேயே பெற்றுவிட்டன. ஆயினும் அதனை அன்றாடச் சேவையாக மாற்றுவதில் செலவுடன் மனித உடலின் தாங்குதிறனும் கருதப்பட வேண்டியுள்ளது. நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருப்பது கால் நாளங்களில் இரத்தம் உறைவதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. பல நேர வலயங்களை விரைவாகக் கடப்பதால் உறக்கமும் பசியும் உள்ளூர் நேரத்துடன் பொருந்தாமல் போகின்றன. உடல் இதற்குப் பழகப் பல நாட்கள் ஆகலாம்.

விமானிகளைப் பொறுத்தவரை இது பாதுகாப்புச் சிக்கலாகும். இத்தகைய பறப்புகளில் நான்கு விமானிகள் முறைவைத்துப் பணியாற்றி ஓய்வெடுக்கின்றனர். 2019 ஆம் ஆண்டின் ஆய்வுப் பறப்புகளில் விமானிகளின் மூளை அலைகள் கருவிகளால் பதிவு செய்யப்பட்டன. பயணிகளுக்கு உணவு வழங்கும் நேரமும் விளக்குகளை அணைக்கும் நேரமும் சேருமிடத்தின் நேரத்திற்கு ஏற்ப மாற்றப்பட்டு, அவற்றின் விளைவுகள் ஆராயப்பட்டன.

1919 இல் வானில் இருந்த 136 மணி நேரத்திற்காக 28 நாட்கள் செலவாயின. ஒவ்வொரு இறங்கிடமும் அன்று எரிபொருளுக்கும் பழுது பார்ப்பதற்கும் மட்டுமன்றி, பறந்தவர்கள் உண்டு உறங்குவதற்கும் தேவைப்பட்டது. அவ்விறங்கிடங்கள் ஒவ்வொன்றாக நீங்கிய பின்னர் அவ்வோய்வையும் விமானத்தின் உள்ளேயே அமைத்துத் தர வேண்டியுள்ளது. சூரியோதயத் திட்டத்திற்கான விமானங்களில் பயணிகள் எழுந்து நின்று உடலை அசைப்பதற்கெனத் தனி இடம் வடிவமைக்கப்பட்டது இதன் பொருட்டே ஆகும்.